மஞ்சள் கோட்டுக்குள் பட்டன்

சின்னப்பையனுக்கு வயது நாற்பத்தைந்து. தலையில் பாதி முடி போய்விட்டது; மீதி, போகலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறது. ஆனாலும் பெயர் சின்னப்பையன்தான். அவனைப் பற்றி எழுத உட்கார்ந்திருக்கிறேன் என்றால் அது முழுக்க அன்பினால் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். அன்பும் உண்டு, வயிற்றெரிச்சலும் உண்டு.

நானும் அவனும் பாடிப் பக்கம் ஒரே கம்பெனியில் வேலை பார்க்கிறோம். தகரத்தை அழுத்தி வண்டிக்கு உதிரி பாகம் செய்யும் கம்பெனி. குடியிருப்பதும் அண்ணனூரில் ஒரே காம்பவுண்டு. அவன் வீட்டுச் சுவரும் என் வீட்டுச் சுவரும் ஒன்றுதான். நான் பிரஸ் மெஷின் ஓட்டுகிறவன். அவன் எங்களை எல்லாம் ஓட்டுகிறவன். அதாவது, சேஃப்டி.

எங்கள் கம்பெனியில் ஒவ்வொரு மெஷினைச் சுற்றியும் தரையில் மஞ்சள் கோடு இருக்கும். மெஷினை இறக்குவதற்கு முன் ஓட்டுகிறவன் "கை!" என்று கத்த வேண்டும். பக்கத்தில் நிற்கிறவன் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு "வெளிய!" என்று பதில் கத்த வேண்டும். பதில் வராமல் பட்டனைத் தொட்டாலோ, கோட்டைத் தாண்டினாலோ சின்னப்பையன் ஒரு ஆரஞ்சு ஜாக்கெட்டோடு வந்து நிற்பான். ஷிஃப்ட் முடிகிறவரை அதைக் கழற்றக் கூடாது. கேன்டீனுக்கும் அதோடுதான் போக வேண்டும். உருண்டு போன திருகாணியை எடுக்க ஒரே ஒரு கால் வைத்ததற்காக எனக்கும் அது கிடைத்தது. கேன்டீன் சுலைமான் தோசையைப் போட்டுவிட்டு, "இன்னா அண்ணாத்தே, ரயில்வேல சேந்துட்டியா?" என்றான். அந்தத் தோசை எனக்கு இன்னும் ஜீரணமாகவில்லை.

சின்னப்பையன் பிறக்கும்போதே இப்படி இல்லை. அவன் அப்பா அம்மா இந்தப் பக்கத்து வயல்களில் கூலிக்கு நாற்று நட்டவர்கள். இப்போது அங்கே ஃபிளாட் நிற்கிறது. வீட்டில் முதன்முதலாக ஐடிஐ படித்தவன் அவன்தான். கம்பெனியில் ஹெல்பராகச் சேர்ந்த புதிதில், கம்பெனியைச் சுற்றிப் பார்க்க யாரோ வந்திருந்தார்கள். அவர்கள் முன்னால் வேகம் காட்டப் போய் ஒரு சீனியர் ஆபரேட்டருக்கு விரல் போய்விட்டது. இவன் பக்கத்திலேயே நின்று பார்த்தான். அன்றிலிருந்துதான் இந்தப் பைத்தியம். "வேடிக்க பாக்க ஆள் வந்தா கை நீளும், அண்ணாத்தே. அப்பதான் உஷாரா இருக்கணும்" என்று எங்களிடம் சொல்லிச் சொல்லியே எங்கள் காதைத் தேய்த்துவிட்டான்.

இப்படிப்பட்டவன் வீட்டில் நாய் வளர்த்தால் எப்படி இருக்கும்? அதைத்தான் சொல்ல வருகிறேன்.

கிரேன் ஓட்டும் ஜஸ்டின் வீட்டு நாய் குட்டி போட்டது. தாய் பொமரேனியன். தகப்பன் யார் என்று ஜஸ்டினுக்கே தெரியாது. குட்டியின் போட்டோவை சின்னப்பையன் வீட்டில் காட்டியதுதான் தாமதம், நாலாவது படிக்கும் மகள் மதிவதனி சோற்றில் கை வைக்க மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டாள். எல்கேஜி போகும் சந்தோஷ், அக்கா எதற்கு உட்கார்ந்திருக்கிறாள் என்று தெரியாமலே தானும் பக்கத்தில் உட்கார்ந்தான். சின்னப்பையன் நியாயம் பேசுகிறவன்போல நடுவில் நின்றான். ஆனால் மூன்று பேரில் அதிகமாக ஆசைப்பட்டவன் அவன்தான். அவன் சிறுவனாக இருந்த வீட்டில் சோறு மனிதர்களுக்கே அளந்துதான் போடுவார்கள், நாய்க்கு எங்கே போக?

மனைவி கனிமொழி சம்மதிக்கவில்லை. அவள் பயத்துக்குக் காரணம் இருந்தது. சின்ன வயதில் பூந்தமல்லியில் அவள் கெண்டைக்காலை ஒரு தெரு நாய் பிடுங்கிவிட்டது. அந்தக் காலத்து ஊசி, தொப்புளைச் சுற்றிப் போடுவது. ஒவ்வொரு ஊசிக்கும் அவளைத் தோளில் தூக்கிக்கொண்டு போனவர் அண்ணன் தங்கராஜ். இன்றைக்கும் தெருவில் நாய் எதிரே வந்தால் கனிமொழி மகளை முன்னால் விட்டுவிட்டு அவள் பின்னால் ஒளிந்துகொள்வாள். பெற்ற தாய்!

தங்கராஜ் வேலப்பன்சாவடியில் தண்ணீர் கேன் குடோன் வைத்திருக்கிறார். காலேஜ் ஹாஸ்டல்களுக்கெல்லாம் அவர்தான் சப்ளை. விஷயம் கேள்விப்பட்டதும் போனிலேயே கத்தினார். "பச்ச புள்ளைங்க இருக்கற ஊட்ல நாயா? இன்னிக்கு கொஞ்சும், நாளிக்கு கடிக்கும். கடிச்ச அன்னிக்கு சொல்லு, வேன் எடுத்துகினு வரேன். குடோன்ல சங்கிலில கட்டிப் போட்டா ஒரு ஓரமா கொலைச்சிகினு கெடக்கும்."

கனிமொழி அதையே நிபந்தனையாக்கினாள். "சரி, இட்டுகினு வாங்க. ஆனா பல்லு பட்டுச்சினு வெய்யி, அன்னிக்கே எங்க அண்ணன் வேன் வரும். நாய் ஏறிடும். அப்பால அழுதுகினு வந்து நிக்கக் கூடாது. மூணு பேருக்கும்தான் சொல்றேன்."

மூன்று பேர் என்றது இரண்டு பிள்ளைகளையும் சின்னப்பையனையும்.

குட்டி தாய்ப்பால் மறக்கிறவரை தர மாட்டேன் என்று ஜஸ்டின் சொல்லிவிட்டான். அந்த இடைவெளியில் சின்னப்பையன் வீட்டை ஆய்வு செய்தான். எப்படி? தலையில் ஹெல்மெட், முட்டியில் பட்டை, கையில் டார்ச். நாலு காலில் ஊர்ந்துகொண்டே போனான். நாய் கண் உயரத்திலிருந்து பார்த்தால்தான் ஆபத்து தெரியுமாம். கட்டிலுக்கு அடியில் சார்ஜர் ஒயர் கிடைத்தது. கரப்பானுக்குக் கிழித்த விஷ சாக்பீஸ் கிடைத்தது. கனிமொழி பிளவுஸ் தைக்கிறவள், அதனால் ஊசியும் குண்டூசியும் அள்ள அள்ள வந்தன. கடைசியில் அவளுடைய கம்மல் திருகாணியும் கிடைத்தது. அது காணாமல் போன நாளிலிருந்து அவள் என் மனைவி சுசீலாவிடம் முகம் கொடுத்துப் பேசியதில்லை.

அந்த நேரம் பார்த்து, மேலே குடியிருக்கும் வீட்டுக்காரம்மா வேம்புலியம்மாள் மோட்டாரை ஏன் நிறுத்தவில்லை என்று கேட்க வந்தார். கட்டிலுக்கு அடியிலிருந்து ஹெல்மெட் போட்ட தலை ஒன்று வெளியே வந்தது.

"இன்னாமா கனி, உம் புருசனுக்கு இன்னாச்சி?"

"நாய் வரப் போவுதும்மா."

"வர்றதுக்கு முன்னாடியே இப்டினா, வந்தப்பறம் இன்னா பண்ணுவான்?" என்று கேட்டுவிட்டு, மோட்டாரை மறந்து மேலே போய்விட்டார்.

அடுத்தது பயிற்சி. நாய்க்கு அல்ல, சந்தோஷுக்கு. நாய் தின்னும்போது கிட்டே போகக் கூடாது, வாலை இழுக்கக் கூடாது, மேலே விழுந்து கட்டிப்பிடிக்கக் கூடாது. இதையெல்லாம் அவனுக்குப் பழக்க ஒரு நாய் வேண்டுமே! சின்னப்பையன் லுங்கியில் கயிற்றைச் செருகி வால் விட்டுக்கொண்டு, தட்டில் பொரி போட்டுக் குனிந்து வாயால் தின்றான். சந்தோஷ் வாலை இழுத்தான். இவன் "உர்ர்" என்றான். "உர்ருனா இன்னா அர்த்தம்? நாயும் நம்மள மாதிரி 'கை!'னு கூவுதுனு அர்த்தம். ஒடனே கைய எடுத்துடணும்." சந்தோஷுக்கு உர்ர் ரொம்பப் பிடித்துப்போய் மறுபடி இழுத்தான். லுங்கி கையோடு வந்தது. நான் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன், கண் நிறைந்துவிட்டது.

"அப்பா, அவன் உன்ன நாய்னு நம்பல" என்றாள் மதிவதனி.

பிறகு அவளே வழி கண்டுபிடித்தாள். தூரத்தில் நின்று, மூடிய கையைத் தாழ்வாக நீட்டி, 'நாய்' முகர்ந்து பார்த்துத் தலையாட்டுகிறவரை காத்திருந்தால் ஒரு பிடி பொரி. இது பையனுக்குப் பிடித்துக்கொண்டது. பிடித்தது என்றால், யாரைப் பார்த்தாலும் முஷ்டியை நீட்ட ஆரம்பித்துவிட்டான். பள்ளிக்கூடத்து மிஸ்ஸுக்கு நீட்டினான். பஸ் கண்டக்டருக்கு நீட்டினான். வேம்புலியம்மாள் மட்டும்தான் முறையாக முகர்ந்து பார்த்து, "முறுக்கு துன்னியாடா?" என்று கேட்டார்.

ஒருவழியாகக் குட்டி வந்தது. வெள்ளையும் பழுப்பும். உள்ளங்கை நிறைய மயிர், நடுவில் பட்டன் வைத்துத் தைத்த மாதிரி கறுப்பு மூக்கு. அதற்குப் பட்டன் என்றே பெயர் வைத்தார்கள். வந்த வாரமே சின்னப்பையன் அதை டாக்டரிடம் கொண்டுபோய்க் காட்டி, தடுப்பூசிகளையும் அதது வேளைக்குப் போட்டுவிட்டான்.

அதற்கு முன்பே தரையில் மஞ்சள் பெயின்ட் காய்ந்திருந்தது. சமையலறை ஓரத்தில் ஒரு கட்டம், பட்டன் சாப்பிடும் இடம். கனிமொழியின் தையல் மெஷினுக்கு அடியில் இன்னொரு கட்டம், பட்டன் தூங்கும் இடம். கோட்டுக்குள் இருக்கும்போது யாரும் அதைத் தொடக் கூடாது, கூப்பிடக் கூடாது, தூக்கக் கூடாது. வேம்புலியம்மாள் வந்து பார்த்து, "என் ஊட்டுத் தரைல இன்னாடா பஸ் ஸ்டாப்பு போட்டு வச்சிக்கிற?" என்று சண்டை பிடித்தார்.

சாப்பாடு வைக்கும்போது கம்பெனி முறையேதான். சின்னப்பையன் கிண்ணத்தோடு நின்று "கை!" என்பான். பிள்ளைகள் இரண்டும் கோட்டுக்கு வெளியே கையைப் பின்னால் கட்டிக்கொண்டு "வெளிய!" என்பார்கள். பிறகுதான் கிண்ணம் தரைக்கு வரும். அது தின்று முடித்துக் கோட்டைத் தாண்டி வருகிறவரை கை பின்னாலேயே இருக்க வேண்டும். பட்டன் இரண்டே நாளில் புரிந்துகொண்டது. சந்தோஷ் பராக்குப் பார்த்துக்கொண்டு பதில் சொல்லத் தாமதித்தால், சொல்லித் தொலையேன்டா என்பதுபோல அவனைப் பார்த்து முனகும்.

இன்னொரு சட்டமும் இருந்தது. ஆள் இல்லாமல் மெஷின் ஓடக் கூடாது. அதாவது, சின்னப் பிள்ளையையும் நாயையும் தனியாக ஓர் அறையில் விடக் கூடாது, எவ்வளவு சாதுவான நாயாக இருந்தாலும். கம்பெனியில் அடுத்த ஆள் வந்து "நான் புட்ச்சிகினேன், நீ போ" என்று சொல்லாமல் யாரும் மெஷினை விட்டு நகர மாட்டோம். வீட்டிலும் அப்படியே. கனிமொழி குளிக்கப் போக வேண்டும் என்றால் சுவரைத் தட்டி "ரிலீவர்!" என்று கத்துவாள். நான் பாதி ஷேவிங்கோடு ஓடிப்போய், "நான் புட்ச்சிகினேன், நீ போம்மா" என்று சொல்லி உட்கார வேண்டும். ஒரு பக்கம் சந்தோஷ், ஒரு பக்கம் பட்டன், நடுவில் சோப்பு நுரையோடு நான். என் வீட்டில் யாரும் என்னை இவ்வளவு அவசரமாகத் தேடியதில்லை. அதனால் போனேன்.

ஒரு நாள் சந்தோஷ், யாரோ தைக்கக் கொடுத்திருந்த பட்டு பிளவுஸ் துணியில் கத்தரிக்கோலால் ஜன்னல் வைத்துவிட்டான். கனிமொழி அளவுகோலை எடுத்தாள். பையன் ஓடிப்போய், காலியாக இருந்த தூங்கும் கட்டத்துக்குள் உட்கார்ந்துகொண்டான். "கோட்டுக்குள்ள கீறேன். தொடக் கூடாது."

கனிமொழி கோட்டருகே நின்றுவிட்டாள். அந்த நேரம் தூக்கம் வந்து பட்டனும் வந்தது. தன் இடத்தில் ஆள் இருப்பதைப் பார்த்துவிட்டு, அதுவும் கோட்டுக்கு வெளியே கனிமொழியின் காலை ஒட்டி உட்கார்ந்தது. இரண்டு பேரும் சேர்ந்து உள்ளே இருந்தவனை முறைத்தார்கள். கொஞ்ச நேரம் கழித்துத்தான் தன் காலடியில் இருப்பது நாய் என்று கனிமொழிக்கு உறைத்தது. அவள் நகரவில்லை. சுசீலாவிடம் இதைச் சொல்லும்போது அவளுக்கே ஆச்சரியம். பிறகு சின்னப்பையனும், வீட்டில் வாங்கிக் கட்டிக்கொள்ளும் நாட்களில் அந்தக் கட்டத்தில் அடைக்கலம் தேட ஆரம்பித்தான். அவனுக்கு அதில் ஒரு கால்தான் கொள்ளும். மற்ற உடம்புக்கு விழ வேண்டியது விழுந்தது.

வேலை முடிந்து வந்தால், அவன் கோட்டுக்கு வெளியே சம்மணம் போட்டு உட்கார்ந்து பட்டனிடம் அன்றைய கதையைச் சொல்வான். சுவர் வழியாக எனக்கு எல்லாம் கேட்கும். "பட்டா, இன்னிக்கு பூங்காவனம் அண்ணாத்தே கையுறை போடாம வேல செஞ்சார்டா. எவ்ளோ சொன்னாலும் கேக்க மாட்டறார்." பூங்காவனம் என்பது நான். நாயிடம் என்னைப் போட்டுக்கொடுக்கிறான்! ஆனால் தெருவில் எந்த வேன் நின்றாலும் பேச்சு நின்றுவிடும். எழுந்து ஜன்னல் வழியாக எட்டிப் பார்ப்பான். தங்கராஜின் வேன் இல்லை என்று தெரிந்த பிறகுதான் மீதிக் கதை. அதைக் கேட்கும்போது மட்டும் எனக்கு அவன் மேல் கோபம் வராது.

அந்த வேன் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தே விட்டது. வம்புக்கு அல்ல, விருந்துக்கு. தங்கராஜ் இரண்டு தண்ணீர் கேனோடு இறங்கினார். சந்தோஷ் முஷ்டியை நீட்டினான். அவர் அதைக் குலுக்கிவிட்டு உள்ளே வந்தார். பையன் முகம் வாடிவிட்டது. முகரவில்லையே!

எங்களையும் சாப்பிடக் கூப்பிட்டிருந்தார்கள். சுசீலா அவள் தங்கை வீட்டுக்குப் போயிருந்ததால் நான் மட்டும் போனேன். ஆட்டுக்கறிக் குழம்பு. பட்டனுக்குத் தனியாக, உப்பு காரம் இல்லாமல் வேகவைத்த கோழி ஈரல். நாங்கள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே சின்னப்பையன் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போனான்.

"கை!"

"வெளிய!"

தங்கராஜ் சிரித்த சிரிப்பில் சோறு மூக்கில் ஏறிவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இன்னா மாப்ள இது? நாய்க்கு சோறு போட்றியா, ராக்கெட் உட்றியா?" என்றார்.

"சேஃப்டி மச்சான்."

"இன்னா சேஃப்டி? கோடு போட்டு, கூவிகினு, கைய கட்டிகினு. அப்ப நீயே பயந்துகினுதான கீற? வளத்த நாய் மேல நம்பிக்க இருந்தா கோடு எதுக்கு?"

சின்னப்பையனின் காது சிவந்தது. "பயமா? எனக்கா? எங்க பட்டன் இன்னா பண்ணாலும் கடிக்காது மச்சான். தோ, பாக்கறியா?"

வேடிக்கை பார்க்க ஆள் வந்தால் கை நீளும். எனக்கு அது சட்டென்று ஞாபகம் வந்தது. சொல்லியிருக்கலாம்தான். வாயில் எலும்பு இருந்தது.

அவன் கோட்டைத் தாண்டினான். "கை!" சொல்லவில்லை. ஈரல் தின்றுகொண்டிருந்த பட்டனின் வாய்க்கடியிலேயே கையை விட்டுக் கிண்ணத்தை இழுத்தான். பட்டன் "உர்ர்" என்றது. "சொம்மா வெளயாடுது" என்று சிரித்தபடி இன்னும் இழுத்தான்.

கடித்துவிட்டது.

அவன் கத்திய கத்தலில் அண்ணனூர் ஸ்டேஷனில் நின்ற ரயிலே கிளம்பியிருக்கும். கட்டை விரலுக்குக் கீழே இரண்டு பல் தடம், கொஞ்சம் ரத்தம். தங்கராஜும் நானும் எச்சில் கையோடு ஓடினோம். கிண்ணம் கவிழ்ந்தது. பட்டன் பயந்துபோய்த் தையல் மெஷினுக்கு அடியில் ஓடிச் சுருண்டுகொண்டது.

எனக்கு முதலில் வந்தது சந்தோஷம்தான், கடவுள் மன்னிக்கட்டும். ஆனால் சின்னப்பையன் முகத்தைப் பார்த்ததும் அது போய்விட்டது. அவன் கையைப் பார்க்கவில்லை. வாசலில் நின்ற வேனைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"காபித்தூள் எடும்மா, வெச்சி அமுக்கலாம்" என்றார் தங்கராஜ்.

"ஒண்ணும் வெக்கக் கூடாது மாமா!" மதிவதனி அப்பாவின் இன்னொரு கையைப் பிடித்துக் குழாயடிக்கு இழுத்துப்போனாள். சோப்பு போட்டு, ஓடும் தண்ணீரில் கையைக் காட்டச் சொன்னாள். "நான் சொல்ற வரிக்கும் எடுக்கக் கூடாது. கால் மணி நேரம். நீதான சொல்லிக் குட்த்த?" அவன் சொல்லிக் கொடுத்ததுதான். குழாயைத் திறந்துவிட்டு அவள் இடுப்பில் கை வைத்து நின்றாள். கம்பெனியில் விபத்து நடந்தால் சின்னப்பையன் எங்களிடம் கேட்கும் முதல் கேள்வியையே கேட்டாள்.

"கை எங்க இருந்துச்சு?"

அவன் தண்ணீரைப் பார்த்தான். "உள்ள."

"கூவுனியா?"

"இல்ல."

"பட்டன் உர்ருனுச்சா?"

"உர்ருனுச்சு."

"அப்பறம் ஏம்ப்பா?"

அவன் சோப்பை எடுத்து இன்னொரு தடவை தேய்த்துக்கொண்டான். 

தங்கராஜ் சிரிப்பதை நிறுத்தியிருந்தார். "வெசாரணலாம் அப்பால வெச்சிக்கங்க. கனி, நீ சொன்னது இன்னா? பல்லு பட்டா வேனு. இன்னிக்கு அப்பன், நாளிக்கு புள்ள. உன்ன தோள்ல போட்டுகினு போனவன் நான்மா. நீ அழுத அழுக இன்னும் என் காதுல கீது."

அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.  சின்னப்பையன் குழாயடியிலிருந்தே, "தப்பு என்னுதும்மா. அது மேல இல்ல" என்றான்.  கனிமொழி அவனையும் அண்ணனையும் பார்த்தாள். பிறகு திடீரென்று, "சந்தோஷ் எங்க?" என்றாள்.

எல்லோரும் திரும்பிப் பார்த்தோம்.

சந்தோஷ் முதலில் நின்ற இடத்திலேயே நின்றுகொண்டிருந்தான். கால் கட்டை விரல் கோட்டுக்குச் சரியாக வெளியே. இரண்டு கையும் முதுகுக்குப் பின்னால். மூக்கு ஒழுகி, கண்ணீர் வழிந்து, அதைத் துடைக்கக்கூடக் கையை எடுக்காமல் விம்மிக்கொண்டிருந்தான். அப்பா கத்தியபோதும் அவன் நகரவில்லை. நானும் தங்கராஜும் கோட்டை மிதித்துக்கொண்டு ஓடியபோதும் நகரவில்லை. அந்தக் கட்டத்துக்குள் எங்கள் கால் தடமும், எங்கள் எச்சில் கையிலிருந்து சொட்டிய குழம்பும், கவிழ்ந்த ஈரலும்தான் கிடந்தன.

"கை வெளிய கீதும்மா" என்றான்.

கனிமொழி போய் அவனைத் தூக்கினாள். அவன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தாள். மதிவதனியின் கைகளையும் வாங்கிப் பார்த்தாள். ஒரு கீறல் இல்லை. இத்தனை மாதத்தில் ஒரு நாளும் இருந்ததில்லை என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும். முந்தானையால் பையன் முகத்தைத் துடைத்துவிட்டு அண்ணனிடம் திரும்பினாள்.

"அண்ணா, இந்த ஊட்ல என் பசங்க சொன்ன பேச்சு கேக்குதுங்க. நாய் சொன்ன பேச்சு கேக்குது. கேக்காத ஆளு ஒண்ணே ஒண்ணுதான். வேன்ல ஏத்தணும்னா அந்த ஆள ஏத்து."

 தங்கராஜ் தையல் மெஷின் பக்கம் பார்த்தார். பட்டன் கட்டத்துக்குள் சுருண்டு, ஒற்றைக் கண்ணால் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. "சரி, ஏறு மாப்ள" என்றார்.

ஆனால் கனிமொழி முடிக்கவில்லை. உள்ளே போய், அவன் வீட்டில் வைத்திருந்த ஆரஞ்சு ஜாக்கெட்டை எடுத்து வந்தாள். "பூங்காவனம் அண்ணா, கோட்ட தாண்டுனா கம்பெனில இன்னா ரூலு?"

வாழ்க்கையில் சில கேள்விகளுக்காகத்தான் மனிதன் பிறக்கிறான். "ஷிஃப்ட் முடியற வரிக்கும் கழட்டக் கூடாதும்மா" என்றேன். நானே மாட்டியும் விட்டேன்.

பட்டனுக்கு ஊசி போட்டிருந்தாலும் டாக்டரிடம் காட்டியே ஆக வேண்டும் என்று ஆவடி ஆஸ்பத்திரிக்குப் போனோம். வேனில் தண்ணீர் கேன்களுக்கு நடுவே ஆரஞ்சு ஜாக்கெட்டோடு கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து வந்தான். வழியில் ஒரு லாரிக்காரன் சிக்னல் கொடுக்கிறான் என்று நினைத்து வண்டியை ஓரம் கட்டினான். ஆஸ்பத்திரியில் நர்ஸம்மா பார்த்துவிட்டு, "ரோட்ல வேல செய்யும்போது கடிச்சுதா?" என்று கேட்டார்.

"இல்லீங்க. ஊட்லதான். அது சாப்புடும்போது கைய வெச்சேன்."

"குழந்தைங்கதான் அப்படிப் பண்ணும்" என்றார் அவர்.

"எங்க ஊட்ல கொழந்தைங்க பண்ணாதுங்க" என்றான். கடிபட்டதற்குப் பிறகு அவன் முகத்தில் முதல் தடவையாகப் பெருமை தெரிந்தது.

நாங்கள் திரும்பி வந்தபோது விளக்கு வைக்கும் நேரம். கவிழ்ந்த ஈரலோடு மதியச் சாப்பாடு போய்விட்டதால், பட்டன் பசியோடு சாப்பிடும் கட்டத்தில் உட்கார்ந்திருந்தது. யார் கிண்ணத்தை எடுப்பது என்று தெரியாமல் எல்லோரும் நின்றோம். சின்னப்பையன் கையில் கட்டு. மதிவதனிக்கு அந்த வேலை கிடையாது, அது பெரியவர்கள் செய்ய வேண்டியது.

கனிமொழி எடுத்தாள். பட்டன் வந்த நாளிலிருந்து அவள் அந்தக் கிண்ணத்தைத் தொட்டதில்லை. அதைக் கழுவுவதுகூடச் சின்னப்பையன்தான். சோற்றைப் பிசைந்து போட்டுக்கொண்டு கோட்டருகே வந்தாள்.  பட்டன் அவளை அண்ணாந்து பார்த்தது.

"கை!" என்றாள். குரல் கீச்சென்று வந்தது.

"வெளிய!" என்றார்கள் பிள்ளைகள் இரண்டு பேரும். வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்த தங்கராஜ், தன்னை அறியாமல் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டதை நான் பார்த்தேன். சந்தோஷ் மட்டும் கொஞ்சம் தள்ளிப்போய் அவரிடம் முஷ்டியை நீட்டினான். அவர் குனிந்து முகர்ந்தார்.

கனிமொழி கிண்ணத்தை இறக்கவில்லை. பட்டன் முனக ஆரம்பித்தது.

"இன்னும் ஒருத்தர் சத்தம் வரலியே?" என்றாள் அவள், திரும்பாமலே.

ஆரஞ்சு ஜாக்கெட்டோடு கோட்டுக்கு வெளியே நின்ற சின்னப்பையன், கட்டுப் போட்ட கையையும் கஷ்டப்பட்டு முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனான். கண்ணைத் துடைக்க வேண்டியிருந்தது, ஆனால் கையை எடுக்கவில்லை.

"வெளிய" என்றான்.

கிண்ணம் தரைக்கு வந்தது.